தரை டைல்ஸ் இடுக்கு கறுத்துவிட்டால்: கழுவுவதா, நிறம் பூசுவதா, சுரண்டிப் புதிதாகப் போடுவதா?

தீபாவளி நெருங்கும்போது தரையைத் தேய்க்கக் குனிந்தால்தான் பலருக்கு இது கண்ணில் படும். டைல்ஸ் பளபளவென்று இருக்கிறது. டைல்ஸ் இடுக்கை நிரப்பும் பூச்சான கிரவுட் மட்டும் அடுப்புக்குக் கீழே கறுப்பு, அரைக்கும் இடத்தில் மஞ்சள், குளியலறையில் பச்சை கலந்த கறுப்பு. வீடு கைக்கு வந்தபோது அது என்ன நிறத்தில் இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும். ஃபிரிட்ஜை நகர்த்தினால் அடியில் அந்தப் பழைய நிறம் இன்னும் இருக்கும்.

இதைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா வினிகர் என்பார். ஹார்ட்வேர் கடைக்காரர் கிரவுட்டுக்கு நிறம் பூசும் ஒரு பேனாவை எடுத்து நீட்டுவார். புதுப்பிப்புப் பணிக்கு வரும் குத்தகையாளர், "எல்லாத்தையும் உடைச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்ணே" என்பார். எது மலிவு, எது வேகம் என்று பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது கிரவுட்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை. உறுதியாக இருக்கும் கிரவுட்டைச் சுரண்டி எடுப்பது வீண் செலவு. உதிர்ந்துகொண்டிருக்கும் கிரவுட்டுக்கு நிறம் பூசுவது அதைவிட வீண்.

முதலில் சோதித்துப் பாருங்கள்

ஒரு ஸ்குரூடிரைவரின் முனையால் கோட்டின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கறுப்பு மட்டும் மெல்லிய மாவுபோல வந்து, அடியில் கெட்டியான வெளிர் நிறம் தெரிந்தால் கிரவுட் நன்றாக இருக்கிறது, அழுக்கு மேலோடு நிற்கிறது. முனை சட்டென்று உள்ளே இறங்கி மணல் மணலாக வந்தால், அல்லது டைல்ஸின் ஓரத்தை ஒட்டி மயிரிழை விரிசல் ஓடினால், அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

அப்புறம் காய்ந்த கோட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டு இடம் கருத்தால், கிரவுட்டின் துளைகள் திறந்தே இருக்கின்றன. நாம் கொட்டும் எண்ணெயும் குழம்பும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. சொட்டு அப்படியே முத்தாக நின்றால், யாரோ முன்பு சீலர் (உறிஞ்சுவதைக் குறைக்கும் பூச்சு) பூசியிருக்கிறார்கள், அல்லது அது சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி கிரவுட்.

மூன்றாவது சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக் கேளுங்கள். சில டைல்ஸ் கீழே பொள்ளலாகச் சத்தம் கொடுத்தால் அவை சிமெண்டுத் தளத்தை விட்டுக் கிளம்பியிருக்கின்றன. அந்த டைல்ஸைச் சுற்றி என்ன கிரவுட் போட்டாலும் நடக்க நடக்க அசைந்து மறுபடி விரிசல் விடும். 2018 ஜனவரியில் தொடர் மழையால் சிங்கப்பூரே குளிர்ந்தபோது, பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தரை டைல்ஸ் புடைத்துக்கொண்டு கிளம்பியது நினைவிருக்கலாம். பொள்ளல் சத்தம் அறை முழுக்கக் கேட்டால் கிரவுட் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, டைல்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். குளியலறையில் சுவரும் தரையும் சேரும் மூலையில் இருப்பது பல வீடுகளில் கிரவுட்டே இல்லை, சிலிக்கான். விரலால் அழுத்தினால் ரப்பர்போல இருக்கும். அதற்குள் இறங்கிய கறுப்புப் பூஞ்சையை எதைப் போட்டும் முழுமையாக எடுக்க முடியாது. வெட்டி எடுத்துவிட்டு, இடத்தை நன்றாகக் காயவைத்து, பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கான் போடுவதுதான் ஒரே வழி. குளியலறை கறுப்பில் பாதி இதுவாகவே இருக்கும். செலவும் சொற்பம்.

கழுவிப் பார்ப்பது

கிரவுட் உறுதி என்று தெரிந்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நிறம் பூசப் போகிறவர்களும் முதலில் இதைச் செய்தே ஆக வேண்டும்.

கிரவுட் ஏன் கறுக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். கோடு டைல்ஸைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும். மாப்பால் துடைக்கும்போது அழுக்குத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, தண்ணீர் ஆவியாகி, அழுக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தாளிக்கும்போது பறக்கும் எண்ணெய்த் துளி, தூசி, அலசாமல் விட்ட சோப்புப் பிசுக்கு மூன்றும் சேர்ந்தால் ஒட்டுப்பசை மாதிரி ஆகிவிடும். தரை கழுவும் திரவத்தைக் கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் கிடைக்கும் என்று நினைப்போம். அலசாவிட்டால் அதுவே அடுத்த அழுக்கைப் பிடித்து வைக்கும்.

எண்ணெயோடு கலந்த அழுக்குக்குக் காரத்தன்மையுள்ள பொருள்தான் சரி. நான் எல்லோருக்கும் சொல்வது சோடியம் பெர்கார்பனேட். துணிக்கறை போக்க விற்கும் ஆக்சிஜன் பிளீச் பவுடர் அதுதான். நிறமும் வாசனையும் சேர்க்காத பவுடராகப் பார்த்து வாங்குங்கள். சுடுதண்ணீரில் கரைத்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவும் பிரிந்து வேலை செய்யத் தொடங்கும். பச்சைத் தண்ணீரில் கரைத்தால் அந்த வேகம் வராது. கரைத்து வைத்ததை மறுநாளும் பயன்படுத்த முடியாது. ஒரு லிட்டர் நல்ல சுடுதண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, கோடுகளில் ஊற்றி, அரை மணி நேரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடலாம். பிறகு கெட்டியான நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கோட்டிலேயே காயவிடாமல் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். எவ்வளவு தேய்த்தோம் என்பதைவிட அழுக்குத் தண்ணீரை எவ்வளவு வெளியே எடுத்தோம் என்பதுதான் முக்கியம். ஈரம் உறிஞ்சும் வேக்யூம் இருந்தால் இன்னும் நல்லது. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துணுக்குகள் இடுக்கில் மாட்டித் துருப்பிடித்து, புதுக் கறையை உண்டாக்கும்.

வினிகரை நான் பரிந்துரைப்பதில்லை. சாதாரணக் கிரவுட் என்பது சிமெண்ட். அமிலம் பட்டால் சிமெண்டின் சுண்ணாம்பு கரையும். முதல் தடவை பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், மேல்தோல் கொஞ்சம் கரைந்து அழுக்கையும் கூட்டிக்கொண்டு போவதுதான். திரும்பத் திரும்பச் செய்தால் துளைகள் பெரிதாகி, அழுக்கு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். சமையல் சோடாவைத் தூவி மேலே வினிகர் ஊற்றும் வழியும் பரவலாக இருக்கிறது. நுரை பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துப்போட்டுவிட்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். அமிலத்துக்கு வேலை உள்ள இடம் ஒன்று உண்டு. கோட்டின் மேல் சுண்ணாம்புபோல வெள்ளை படர்ந்திருந்தால், அது சிமெண்டிலிருந்து ஈரத்தோடு மேலே வந்த உப்பு. அதற்கு நீர்த்த சல்ஃபாமிக் அமிலம் சரி. முன்பே தரையை நனைத்துக்கொண்டு, சில நிமிடங்களில் நிறைய தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். பளிங்கு, டெராஸோ தரையில் எந்த அமிலமும் படக் கூடாது.

குளோரின் பிளீச் பூஞ்சையைக் கொல்லும், நிறத்தை வெளுக்கும், எண்ணெயை எடுக்காது. குளியலறைக்குப் பயன்படும், சமையலறைக்கு அவ்வளவாகப் பயன்படாது. கழிவறை கழுவும் அமிலத் திரவத்தோடு அது கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். நம் குளியலறைகள் சின்னவை, காற்றுப் போக ஒரே ஒரு சன்னல்தான். ஒன்றைப் பயன்படுத்திய அன்று இன்னொன்றைத் தொடாதீர்கள். வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கும் இதை அவசியம் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் கழுவுவது அவர்தான், அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவதும் அவர்தான்.

மஞ்சள் கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது தீராத பிரச்சினை. மஞ்சள் சிந்திய கோட்டில் சோடாவோ சோப்போ போட்டதும் அது செக்கச் செவேலென்று மாறும். பார்த்தவர்கள் கறை மோசமாகிவிட்டது என்று பதறிப்போவார்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வினைதான். காரம் பட்டால் மஞ்சளின் நிறமி சிவக்கும், அலசினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். அந்த நிறமிக்கு வெளிச்சம் ஆகாது. துணி காயவைக்கும் சர்வீஸ் யார்டில் வெயில் விழும் இடமாக இருந்தால் சில நாளில் தானாகவே வெளுத்துவிடும். வெயில் எட்டாத சமையலறை மூலையில் பெராக்சைடு மெதுவாக எடுக்கும். அவசரம் என்றால் அந்த இடத்தில் மட்டும் நீர்த்த குளோரின் பிளீச்சைத் தொட்டு வைத்து அலசலாம். சாமி மேடைக்குக் கீழே விளக்கில் ஊற்றும் எண்ணெய் இறங்கிய கோடு வேறு வகை. எண்ணெய் ஆழமாகப் போய்விட்டால் நிறம் சற்று வெளுக்குமே தவிர முழுமையாகத் திரும்பாது.

நீராவி இயந்திரம் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக இளக்கும், ரசாயன வாடையும் இல்லை. உறுதியான கிரவுட்டுக்கு நல்ல துணை. உதிரும் கிரவுட்டில் அந்த அழுத்தமே துகள்களைப் பெயர்த்துவிடும்.

கழுவியதும் நிறம் ஓரளவு திரும்பிவிட்டால், இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு ஊடுருவும் சீலர் பூசி முடித்துக்கொள்ளலாம். சீலர் நிறத்தை மாற்றாது, உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆண்டு முழுக்க ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊர் இது. காயவிடும் நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது.

நிறம் பூசுவது

சுத்தமாகிவிட்டது, ஆனால் திட்டுத்திட்டாக இருக்கிறது. பெரும்பாலான சமையலறைகள் கழுவிய பிறகு இந்த நிலையில்தான் நிற்கும். கிரவுட் கலரண்ட் என்று விற்கும் திரவம் இந்த நிலைக்கென்றே வந்தது. பழைய கிரவுட்டின் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்து, மேலே ஒரு மெல்லிய படலமாகி, நிறத்தையும் சீலரின் பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுக்கும். மாப்பெய் நிறுவனத்தின் ஃபூகா ஃபிரெஷ் போன்றவை இந்த வகை. கடையில் தொங்கும் பேனாவும் அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும், ஆனால் அதில் வரும் படலம் மெல்லியது. நடமாட்டம் இல்லாத சுவருக்கு அது போதும். தினமும் மிதிபடும் தரையில் சீக்கிரம் தேய்ந்து, ஓரம் ஓரமாகப் பழைய கறுப்பு எட்டிப்பார்க்கும்.

எவ்வளவு வேலை என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 8 சதுர மீட்டர் சமையலறையில் 30 செ.மீ. டைல்ஸ் என்றால் கோடுகளின் மொத்த நீளம் சுமார் 53 மீட்டர். 60 செ.மீ. டைல்ஸ் என்றால் அதில் பாதி. பழைய வீவக வீடுகளில் இருக்கும் சின்னச் சின்ன டைல்ஸுக்கு இந்தக் கணக்கு பயமுறுத்தும் அளவுக்குப் போகும். முட்டி போட்டு, பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒரு மீட்டர் பூசி, டைல்ஸ் மேல் வழிந்ததைக் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்து, அடுத்த மீட்டருக்கு நகர வேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து, ஒருவர் பூச ஒருவர் துடைக்க, ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலை. வழவழப்பான பீங்கான் டைல்ஸில் வழிந்தது எளிதாக வந்துவிடும். சொரசொரப்பான டைல்ஸிலோ மெருகேற்றிய ஹோமோஜீனியஸ் (மேலிருந்து அடிவரை ஒரே பொருளாலான) டைல்ஸிலோ நுண்துளைகளில் தங்கிவிடலாம், மூலையில் ஒரு டைல்ஸில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முன்பு சீலர் பூசிய கிரவுட்டில் இது ஒட்டாது. தண்ணீர்ச் சொட்டுச் சோதனை அதற்கும்தான்.

நிறத் தேர்வில் எனக்குப் பிடிவாதமே உண்டு. வெள்ளை வேண்டாம். தினமும் மஞ்சளும் மிளகாயும் புழங்கும் சமையலறைக்கு நடுத்தரச் சாம்பல் அல்லது டைல்ஸைவிட ஒரு படி அடர்த்தியான நிறம்தான் பொருந்தும். கிரவுட் கறுத்ததே தெரியாத நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அடர்த்தியிலிருந்து வெளிர் நிறத்துக்குப் போவது கடினம், பல பூச்சு கேட்கும்.

இதன் பலவீனம், நின்ற தண்ணீர். ஷவருக்குக் கீழே எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் படலம் அடியிலிருந்து உரிந்து வரும். குளியலறைத் தரைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சுரண்டிப் புதிதாகப் போடுவது

ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கியவர்களுக்கு இது மட்டும்தான் வழி. பழைய கிரவுட்டைக் குறைந்தது 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்காவது சுரண்டி எடுத்து, தூசியைத் துப்புரவாக உறிஞ்சி, புதிதாக நிரப்ப வேண்டும். பழைய கோட்டின் மேலேயே மெல்லியதாக இழுத்துவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு. முடித்த அன்று கண்ணைப் பறிக்கும். அடியில் பிடிமானம் இல்லாததால் சில மாதத்தில் செதில் செதிலாகப் பெயரும்.

அதே 53 மீட்டர் கணக்கில், 3 மி.மீ. அகலம் 3 மி.மீ. ஆழம் என்றால் தேவைப்படும் கிரவுட் அரை லிட்டர் கொள்ளளவுகூட வராது. ஆக, நீங்கள் கொடுப்பது பொருளுக்கான காசு இல்லை, சுரண்டும் உழைப்புக்கான கூலி. சொன்ன விலை மிகக் குறைவாக இருந்தால் அது சுரண்டாத விலை என்றுதான் அர்த்தம்.

சிமெண்டா எபாக்ஸியா என்ற கேள்வி அடுத்து வரும். சிமெண்ட் கிரவுட் போடுவது எளிது, நாமே போடலாம், பிசகினால் அலசிவிட்டு மறுபடி போடலாம். கோடு 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மணல் கலக்காதது, அதற்கு மேல் மணல் கலந்தது. தண்ணீரைக் கூட்டிக் கரைத்தால் காயும்போது சுருங்கி விரிசல் விடும், நிறமும் திட்டுத்திட்டாகும். ஒரு நாள் கழித்து மெதுவாக நடக்கலாம். அதற்கும் சீலர் பூச வேண்டும், அந்தச் சீலரையும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்ய மாட்டோம் என்று தெரிந்தால், இன்னொரு ஐந்து வருடத்தில் இதே கோட்டுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்திருப்போம்.

எபாக்ஸி என்பது பிசினும் கடினமாக்கியும் கலந்து இறுகுவது. எண்ணெயோ மஞ்சளோ எளிதில் உள்ளே இறங்காது, சீலர் வேண்டியதில்லை, வீட்டில் புழங்கும் லேசான அமிலத்துக்கும் அசராது. நம் சமையலுக்கும் நம் குளியலறை ஈரத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் போடுவது கைப்பழக்கம் கேட்கும் வேலை. பல எபாக்ஸிகள் கலந்த பிறகு முக்கால் மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். டைல்ஸ் மேல் படிந்த படலத்தை நேரத்தோடு துடைக்காவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டி, பளபளப்பே போய்விடும். தெரிந்த ஆளை வைத்துப் போடுங்கள். வெள்ளை எபாக்ஸி வெயில் படும் இடத்தில் நாளடைவில் மஞ்சளடிக்கும், அங்கே சாம்பல் நிறம் நல்லது.

கிரவுட் எதுவானாலும் அது நீர்த்தடுப்பு இல்லை. குளியலறைத் தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கும் கீழே இருக்கும் தனிப் படலம். கீழ்வீட்டுக்காரர் வந்து, "எங்க கூரையில ஈரம் கசியுதுண்ணே" என்று சொன்னால், புது எபாக்ஸி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வீவக வீடுகளில் அந்தக் கசிவுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு. இருவரும் சேர்ந்து வீவகவிடம் சொல்லிச் சோதிக்கவைப்பதுதான் முறை.

டைல்ஸையே உடைத்து மாற்றுவது பொள்ளல் கேட்ட வீடுகளுக்கு மட்டும். வீவக அனுமதி வேண்டும், புது வீடென்றால் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறை டைல்ஸைத் தொடவே கூடாது, சத்தம் வரும் வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். மேலேயே வைனில் தரை ஒட்டுவது வரவேற்பறைக்குச் சரி, உடைக்காமல் முடியும். ஈரம் புழங்கும் இடத்தில் அடியில் தண்ணீர் தேங்கி வாடை வரும்.

எந்த வீட்டுக்கு எது

வாடகை வீடென்றால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நிறம் பூச வீட்டு உரிமையாளரைக் கேட்க வேண்டும். சொந்த வீட்டுச் சமையலறையில் கிரவுட் உறுதியாக இருந்தால் ஆக்சிஜன் பிளீச், பிறகு சாம்பல் கலரண்ட். குளியலறையில் முதலில் சிலிக்கானை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கோடு கறுப்பாகவோ உதிரியாகவோ இருந்தால் ஷவர் பகுதிக்கு மட்டுமாவது எபாக்ஸி. முழு வீட்டுக்கும் எபாக்ஸி என்று யாராவது விலை சொன்னால், படுக்கையறைக்கு எதற்கு என்று கேளுங்கள். அங்கே எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை.

ஆளை வைத்துச் செய்தால் பேசும்போதே நான்கு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மில்லிமீட்டர் சுரண்டுவார், கொண்டுவரும் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் காட்டுவாரா, மூலைகளில் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் போடுவாரா, தூசியை யார் எடுப்பது. முதல் நாள் ஃபிரிட்ஜுக்கு அடியில் இரண்டு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போது சிமெண்ட் கிரவுட் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளிறும். மறுநாள் காலை வெளிச்சத்தில் அந்த இரண்டு கோட்டைப் பார்த்து, நிறம் பிடித்திருந்தால் மட்டும் மீதியைத் தொடங்கச் சொல்லுங்கள்.